ஏனாதியாரின் எடையும் மருத்துவர் நாவும்

நலம் சூழ்க. மழை பொய்த்த ஆண்டிலும் முறை பொய்க்காத செவ்வரை நாட்டை ஆளும் நல்லிறையர் பெருமானின் திருவாக்கின்படி, முதலமைச்சர் கீரந்தையார், ஏழு போர் கண்டவரும் நெடுங்கால் கோட்டைத் தலைவருமாகிய ஏனாதி மாவளத்தாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குதிரைகளும் குடிகளும் வாழ்க. வாழ்த்து இன்னும் நான்கு வரி நீளவேண்டும் என்பது மரபு. அமைச்சருக்கு வயது எழுபத்திரண்டு. பிறர் சண்டையைத் தீர்க்க இம்மாதம் அவர் எழுதும் ஒன்பதாவது ஓலை இது. பொறுத்தருள்க.

அறுவடைத் திருநாளில், எடைக்கு எடை நெல் தானம் வழங்கும் வழக்கப்படி நீர் துலாத்தட்டில் அமர, மறுதட்டில் நெல் கொட்டப்பட்டதையும், ஐந்து கலம் கொட்டியும் போதாமல் ஆறாவது கல மூட்டையை அவிழ்த்தபோது மக்கள் ஆரவாரித்ததையும், அவ்வேளையில் மருத்துவர் நற்சேந்தனார் முன்வந்து, அந்தத் தட்டில் அமர்ந்திருப்பது ஏனாதியாரின் சாவு என்றும், இப்படியே உண்டால் அடுத்த அறுவடைக்கு அவர் இருக்கமாட்டார் என்றும் ஊரறிய உரைத்ததையும் எழுதியிருந்தீர். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள் என்றும், ஆகவே அவர் நாவை அறுக்க ஆணை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நாவை அறுத்தால் சிரிப்பு நிற்குமா என்பதை நீர் எழுதவில்லை.

நீர் காவலுடன் அனுப்பிய மருத்துவரை அமைச்சர் தம் இல்லத்திலேயே விசாரித்தார். சபை நடுவே ஒருவரை அவமதிப்பதுதான் மருத்துவமா என்று கடிந்தார். தட்டில் ஏறும்போது உம் இடக்காலில் துணிக்கட்டைக் கண்டதாகவும், அதன் வாடை மூக்கில் ஏறியதும் தம்மை மறந்து வாய்விட்டதாகவும் மருத்துவர் சொன்னார். பிறகு அமைச்சரை நிமிர்ந்து பார்த்து, "உங்கள் தம்பிக்கு மெல்லச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. இவருக்கு வெட்டிச் சொன்னேன், இவரும் கேட்கவில்லை. இனி எப்படிச் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அமைச்சரின் தம்பி வேட்டனாரை நீர் அறிவீர். உம்மோடு ஒரே பாசறையில் உண்டவர். அவர் உடல் பெருத்து மூச்சிரைத்த நாளில், தம்பியின் மனம் நோகாமல் சொல்லும்படி மருத்துவரைக் கட்டாயப்படுத்தியவர் இந்த அமைச்சரே. மருத்துவரும், திருமேனி சற்றே செழித்திருக்கிறது, உணவில் சிறிது கவனம் நன்று என்று சொல்லிவைத்தார். வேட்டனார் அதைப் புகழ்ச்சியென்று கொண்டு மகிழ்ந்து, இன்னொரு கிண்ணம் நெய்ச்சோறு வரவழைத்தார். இரண்டே ஆண்டில் காலில் ஒரு சிறு புண் வந்தது, தொடைவரை ஏறியது, ஆளைக் கொண்டுபோயிற்று. ஈமத்துக்குப் பிறகுதான் நற்சேந்தனாரின் பேச்சு சம்மட்டியாயிற்று. அவரை அப்படி ஆக்கிய பழி யாருடையது என்று அமைச்சர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் எட்டியது. யார் சொன்னார் என்று தேடவேண்டாம். மழை பொய்த்த இந்த ஈராண்டும், அறுவடைக்கு இரு திங்கள் முன்பிருந்தே நீர் பசியில்லாமலும் உண்கிறீராம். தட்டு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நெல் கோட்டை வாசலில் ஏழைகளுக்குப் போகும் என்பதால், குமட்டினாலும் விழுங்குகிறீராம். இதைக் கேட்ட மருத்துவர் தலைகுனிந்து, ஏன் உண்கிறீர் என்று ஒருநாளும் உம்மைக் கேட்கவில்லையே என்று வருந்தினார். ஊருக்குச் சோறிட உடம்பை வளர்த்த உம்மை அந்த ஊர் நடுவிலேயே அவர் பெருந்தீனிக்காரர் ஆக்கிவிட்டார். வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே பெருமானின் ஆணை இது. நெடுங்கால் கோட்டையில் இனி யாரும் துலாத்தட்டில் ஏறவேண்டாம். ஆள் பெருத்தாலும் மெலிந்தாலும் ஆண்டுதோறும் ஆறு கலம் நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஏழைகளுக்கு வரும். மருத்துவரின் நா அவர் வாயிலேயே இருக்கும். சொன்ன இடத்துக்காக அவர் உம்மிடம் மன்னிப்புக் கேட்பார்; சொன்ன பொருளுக்காகக் கேட்கமாட்டார், நீரும் எதிர்பார்க்கவேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு உம் கட்டிலின் அருகே அமர்ந்து, முதலில் நீர் சொல்வதைக் கேட்டபின்பே அவர் பேசுவார். எடையைப் பற்றிய பேச்சு உம் இருவருக்குள் மட்டும் இருக்கும்.

சிரித்தவர்களைத் தண்டிக்க வேண்டுமென்றும் கேட்டிருந்தீர். அமைச்சருக்கு அதற்கு நேரமில்லை.

இவ்விடத்தில் உமக்கு இதமான சொல்லொன்று எழுதவேண்டி அமைச்சர் மூன்று நறுக்கோலைகளைக் கிழித்துப்போட்டார். இதமாகச் சொல்லி ஒரு தம்பியை எரித்தாயிற்று. அந்தக் கைக்கு இன்னொரு இதமான சொல் எழுத வரவில்லை. மாவளத்தாரே, உம் உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது. உம் கால் அழுகுகிறது. நீர் செத்துப்போவீரோ என்று இந்தக் கிழவனுக்குப் பயமாக இருக்கிறது.

இவ்வோலை கொண்டுவருபவர் மருத்துவர் நற்சேந்தனாரே. உம் எதிரில் நிற்கிறார். வாசித்து முடித்ததும், மறு ஓலை எழுத அமராமல், கட்டை அவிழ்த்து அவருக்குக் காலைக் காட்டுக. செவ்வரை அரச இலச்சினை இட்டது. இது ஆணை.