துப்பிய கவளம்

அன்புத் தங்கை சபோஹத்துக்கு,

நலமா? ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். கால் வீக்கம் குறைந்ததா?

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உன் வீட்டுக்காரரின் அண்ணன் நோர்கபில், தான் வைத்த விருந்தில், தன் கையால் ஊட்டிய ஓஷ் சோற்றை எல்லார் முன்னாலும் கைக்குட்டையில் துப்பினேன். விருந்து வைப்பவர் ஊட்டினால் மறுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

அந்தச் சோற்றின் மஞ்சள் கேரட் உங்கள் வயலில் விளைந்தது. வயலுக்குப் பாய்வது அவன் நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர். ஊர்ச் சாக்கடையும் முலாம் பட்டறைக் கழிவும் அங்கேதான் கலக்கின்றன. சுத்திகரித்த பிறகும் மக்கிய கழிவு கொஞ்சம் கரைந்தே நிற்கும். தண்ணீரின் வெளிறிய தேநீர் நிறம் அதுதான். பட்டறையிலிருந்து வரும் காட்மியம் என்ற நச்சு உலோகம் அந்தக் கழிவைப் பற்றிக்கொள்கிறது. பிறகு சுண்ணாம்பு போட்டாலும் அடியில் படியாது, வடிகட்டியிலும் நிற்காது. அவனுடைய கருவி தனியாகத் திரியும் உலோகத்தை மட்டும் காட்டும். ஆகவே அவன் தண்ணீர் என்றைக்கும் சுத்தம்.

தாஷ்கண்டில் நண்பனின் ஆய்வகத்தில் அதே தண்ணீரை அமிலம் விட்டுக் கொதிக்கவைத்தேன். கழிவு சிதைந்தது, காட்மியம் வெளியே வந்தது. உங்கள் மண்ணிலும் கழிவு மெல்ல மட்கி அதைக் கைவிடும். பிறகு வேர் குடிக்கும்.

விருந்துக்கு முன்பே இதை அவனிடம் சொன்னேன். கல்லூரியில் என்னைப் பார்த்து எழுதித் தேறியவன், பிறகு என்னை நிலையத்திலிருந்து விரட்டிப் பள்ளி வாத்தியார் வேலைக்கு அனுப்பியவன், சிரித்தான்.

"ஆசிட்ட ஊத்திக் கொதிக்க வச்சா என் செருப்புலகூட ஏதாச்சும் கிடைக்கும், வாத்தியாரே."

அப்புறம் விருந்தில் கொழுப்பு வழியும் விரல்களோடு வந்தான். "வாயத் தொறங்க வாத்தியாரே. நம்ம தண்ணியில வெளஞ்சது எப்படியிருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க." அவன் மோதிரம் என் பல்லில் இடித்தது.

ஒரு வாய்ச் சோற்றால் நான் சாகமாட்டேன். ஆனால் கதவுக்கு அப்பால், பெண்கள் வரிசையில், உன் தட்டில் இரண்டாம் முறை கேரட்டை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ தினமும் தின்கிறாய்.

அவனை நம்பு, என்னைத் திட்டு, பரவாயில்லை. உன் அடுப்புக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக் கொல்லையில், மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் விளைவி. வயல் கேரட்டைத் தொடாதே.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். தொட்டில் விருந்துக்கு என்னைக் கூப்பிடு. அந்தக் கொல்லைக் கேரட்டில் சமைத்து, எல்லார் முன்னாலும் உன் கையால் ஊட்டு. துப்பமாட்டேன்.

உன் அண்ணன்,
ஹிக்மதுல்லா