ஆற்றில் விட்ட ஆகாயத்தாமரை

என் பிரியப்பட்ட மைனிக்கு,

நீங்க போய் நாற்பது நாளாச்சு. உங்க தொட்டியில மிதந்த ஆகாயத்தாமரை இப்போ என் வீட்டுப் பின்பக்கச் சிமெண்டுத் தொட்டியில மிதக்குது. வேர் தாடி மாதிரி தொங்குது, அதுக்குள்ள கப்பி மீன் குஞ்சுங்க ஒளிஞ்சுக்கிடுது. பாதித் தண்ணியாவது வெளிச்சம் பட திறந்து கிடக்கணும்னு சொல்வீங்களே, அப்படித்தான் வச்சிருக்கேன்.

அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். நீங்க முன்னே குடுத்த ஒரே ஒரு கன்று என் தொட்டி முழுக்கப் பெருகிப்போச்சு. அதிகமானதை அள்ளி வெயில்ல காயவச்சு வாழைமூட்டுல உரமாப் போடுன்னு எத்தனை தடவை சொன்னீங்க! உயிரோட இருக்கிறதைக் காயப்போட எனக்கு மனசு வரல. எங்கயாவது பிழைச்சுக்கிடட்டும்னு ஒரு வாளி நிறைய கரமனை ஆத்துல கொண்டு விட்டேன். புண்ணியம் செஞ்ச நினைப்பு வேற.

படித்துறையில துணி துவைக்கிறவங்க முன்னாலயே பிடிச்சீங்களே ஒரு பிடி! "ஏட்டி, புத்தி இருக்கா உனக்கு? இது ஆத்தையே மூடிரும். அடியில உள்ள மீனெல்லாம் மூச்சுமுட்டிச் சாகணுமா?" எனக்கு மானமே போச்சு. அண்ணன் பெண்டாட்டின்னா என்ன வேணும்னாலும் பேசலாமா? அடுத்த தெருவில இருந்துக்கிட்டே உங்க வாசல் மிதிக்கல நான்.

அப்புறம் உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு கேள்விப்பட்டேன். ஆனாலும், முதல்ல அவங்க கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். அப்படி என்ன வீம்பு மைனி எனக்கு? பத்தே நாள்ல எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பதினாறு கழிஞ்ச மறுநாள் அண்ணன் வாளியும் கையுமா வந்தாங்க. "செடியை உன்கிட்டதான் குடுக்கணும்னு உன் மைனி சொன்னா. இனி லலிதா ஆத்துல விடமாட்டா, எனக்குத் தெரியும்னா." நான் அழுதுட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம் அண்ணன்.

"உன்னைக் கூப்பிடட்டுமான்னு நான் அவகிட்ட கேட்டேன். வேண்டாம், அவளே வருவான்னுட்டா. நர்ஸ் கதவைத் திறந்தாலும் நீதானோன்னு எட்டிப் பார்ப்பா."

அந்தப் பத்து நாளும் நான் போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன், மைனி.

இப்போ சனிக்கிழமை ஆனா மொட்டைமாடியில செடி காயுது. காஞ்சதை வாழைமூட்டுல போடுறேன். ஒரு இலைகூட இனி ஆத்துக்குப் போகாது. யாராவது முதல்ல கூப்பிடட்டும்னு நான் உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

கூப்பிடாமலே வந்திருக்கவேண்டிய
உங்க நாத்தனார்,
லலிதா