இருபத்தைந்து லிட்டருக்கு எத்தனை டப்பா

மே 7, செவ்வாய்

இன்று கடலுக்கு ஓய்வு நாள். வலை தைப்பது, எஞ்சின் துடைப்பது, எனக்கும் என் வீட்டுக்காரர் எபோவுக்கும் சண்டை. மூன்றும் ஒழுங்காக நடந்தன.

ஆயில் கலந்தே வரும் பெட்ரோல் மூன்று வாரமாகக் கரைக்கு வரவில்லை. வெறும் பெட்ரோல் வாங்கி, டூ ஸ்ட்ரோக் ஆயிலை நாங்களே கலக்கிறோம். இருபத்தைந்து லிட்டர் கேனுக்கு எபோ காலிப் பால் டப்பாவால் அளந்து மூன்று டப்பா ஆயில் ஊற்றுகிறார்.

"ஆறு ஊத்துங்க" என்றேன்.

"புகை கக்கும், வேகம் போயிடும். மத்தவன் முதல்ல கரையேறி மீனை வித்துட்டுப் போவான். மெக்கானிக்கம்மா, நீ போய் உன் அடுப்புல மீன் கருகாமப் பாரு."

மீன் கருகித்தான் போயிருந்தது. அது வேறு விஷயம்.

மே 9, வியாழன்

எஞ்சினில் எழுதியிருந்த அளவு தேய்ந்து போய்விட்டது. வாங்கும்போதே பழசு. சரியான அளவு இந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேச மட்டும் தெரியும். என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்று தெரியும். என் அண்ணன் க்வாமினாவின் எஞ்சின் ஆயில் போதாமல் சூடேறி, இறுகி, நடுக்கடலில் நின்றது. ஐந்து வருடமாகிறது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இதை எபோவிடம் எத்தனை தடவை சொல்வது? தடவைக்குத் தடவை என் சத்தம்தான் கூடுகிறது.

மே 12, ஞாயிறு

சர்ச்சில் பாட்டுக்கு நடுவே டப்பா எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே 14, செவ்வாய்

ஊற்றிவிட்டேன்.

காலையில் அவர் கலந்து வைத்துவிட்டு வலை தைக்கப் போனார். மீன் சுடும் அடுப்பிலிருந்து எழுந்து போய், இரண்டு கேனிலும் மும்மூன்று டப்பா ஊற்றிக் குலுக்கினேன். அவர் மூன்று, நான் மூன்று, ஆறு. சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் படகில் போகும் பத்துப் பேரும் பத்திரம். சரிதானே? அப்புறம் ஏன் திருடின மாதிரி இருக்கிறது?

மே 15, புதன்

விடியலில் கிளம்பினார்கள். கரையெல்லாம் நீலப் புகை. பெந்த்ஸிவா, அவள் புருஷனும் அதே படகில்தான், இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "உன் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போறாரா, கொசு மருந்து அடிக்கப் போறாரா?"

சிரித்தேன். ஆறு டப்பாவுக்கு இவ்வளவு புகையா?

மாலை ஐந்து. மற்ற படகுகள் வந்துவிட்டன.

ஆறு மணி. இல்லை.

மே 16, வியாழன்

இன்னும் வரல. தேட ரெண்டு படகு போயிருக்கு. பெந்த்ஸிவா என் பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சிருக்கா. எடுத்துக்கவும் முடியல. ஆயில் ரொம்பக் கூடினா பிளக் அடைச்சு எஞ்சின் நின்னுடுமாம், இப்பத்தான் ஒருத்தர் சொல்றார். எனக்குத் தெரியாதே. குறைஞ்சா ஆபத்துன்னு மட்டும்தானே தெரியும்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் —

அதே நாள், மாலை

வந்துவிட்டார்கள். துடுப்புப் போட்டே. பத்துப் பேர். எண்ணினேன், மறுபடி எண்ணினேன். உள்ளங்கையெல்லாம் கிழிந்திருக்கிறது.

எபோ தண்ணீரில் நின்றபடியே எல்லாரிடமும் சொன்னார்: "தப்பு என்னுது. என் பொண்டாட்டி அராபா சொல்லிச் சொல்லி எனக்கும் பயம் பிடிச்சுக்கிச்சு. அவகிட்ட தோத்ததா ஆயிடக் கூடாதுன்னு, சொல்லாம ஆறு டப்பா ஊத்திட்டேன். பிளக் அடைச்சிருச்சு."

ஆறு. அதோடு என் மூன்று.

அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மே 18, சனி

ஊரே அவரைக் 'கொசு மருந்து' என்கிறது. சிரித்துக்கொள்கிறார். அந்தக் கையால் மக்காச்சோளக் கென்கே உருண்டையைப் பிய்க்க முடியவில்லை, நான் பிய்த்துக் கொடுக்கிறேன். என் மூன்று டப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நான் ஒரு கோழை.

மே 21, செவ்வாய்

வலை தைக்கும் இடத்துக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "ஒவ்வொரு கேன்லயும் மூணு டப்பா நானும் ஊத்தினேன்."

ஊசிகள் நின்றன. பெந்த்ஸிவாவின் புருஷன் கையை விரித்துக் காட்டினார். "அப்ப இதுல பாதிக் காயம் உன்னுதா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

எபோ தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"கடல்லயே. கேன் மூடியில அடுப்புக் கரி பட்ட விரல் தடம். நம்ம வீட்டுல வேற யாருக்கு அப்படிக் கை?"

"ஏங்க என்கிட்ட கேக்கல?"

"நான் மட்டும் ஆறு டப்பாவை உன்கிட்ட சொல்லிட்டா ஊத்தினேன்?"

அழுதேன். வெட்கமே இல்லாமல், வலைமேல் உட்கார்ந்து.

அப்புறம் பேசினோம். முதல் தடவையாகக் கத்தாமல். அவருடைய மூன்றும் இல்லை, என்னுடைய ஆறும் இல்லை. நாலில் தொடங்கிப் பிளக்கைப் பார்ப்பது. வெளுத்தால் ஆயில் குறைவு, கறுத்தால் அதிகம், வேர்க்கடலைத் தோல் நிறம் வந்தால் சரி. அதுவரை கரை கண்ணில் தெரியும் தூரம்தான் போவது. டப்பாவை என் கையில் கொடுத்தார். நான் ஊற்ற, பத்துப் பேரும் சத்தமாக எண்ணினார்கள். நாலு முடிந்தும் என் கை தானாக ஆயில் பக்கம் போனது.

"போதும்மா!" பத்துக் குரலும் ஒன்றாக.

மே 22, புதன்

மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். முதல் படகாக இல்லை, ஏழாவதாக. எபோ பிளக்கைக் கழற்றி, நேராக அடுப்படிக்கு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். வேர்க்கடலைத் தோல் நிறம். இன்னும் சூடாக இருந்தது.