வண்டியில் ஒருத்தர் இருக்கணும்

அக்டோபர் 2, வியாழன்
சமையலறை மேசையிலிருந்து

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆமாம், நானேதான். உன் அண்ணி எழுதவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவும் இல்லை. போன குளிர்காலத்திலிருந்து நூலகத்து மாலை வகுப்புக்குப் போகிறேன். இதை நேற்று ஆரம்பித்தேன், இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் மெதுவாகவே படி.

நீ மாடுகளை விற்று ஆப்பிள் மரம் வைத்த வருடம், உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு எழுதவே தெரியாதே, எப்படிச் சொல்லியிருப்பேன்? ஆகவே நமக்கு நடுவில் ஒரு வேலிதான் என்றாலும் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். மகளும் மருமகனும் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இலை நிறம் மாறும் சமயம் பார்த்து எங்கள் இருவரையும் அருவி, ஏரி, கடலோரத்து மலைமுனை என்று ஒரு வாரம் சுற்றிக் காட்டப் போகிறார்களாம். உன் அண்ணி கேட்டதும் சொன்னாள்: "நீங்க போயிட்டு வாங்க. மாட்ட நான் பாத்துக்கறேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதை. சந்தைக்கு நான் போனால் அவள் தொழுவத்தில். அவள் தங்கை வீட்டுக்குப் போனால் நான் தொழுவத்தில். பார்த்ததை வந்து சொல்வோம். அவள் நன்றாகச் சொல்வாள், நான் சுமாராகச் சொல்வேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் எதையும் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்தன்றுகூடக் கறவைக்கு நேரமாயிற்று என்று நான் பாதியில் எழுந்து ஓடிவந்தவன்.

இந்த முறை விடுவதாக இல்லை. பதினொன்றாம் தேதி கிளம்புகிறோம். ஐந்து மாடு, காலையும் மாலையும். நீ கறப்பாயா?

உன் அண்ணன்

—

அக்டோபர் 4, சனி

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு இருக்கிறது. தபால்காரர் சிரித்தார். "பக்கத்து வீட்டுக்கு ஸ்டாம்பா? உங்க குடும்பம் இருக்கே, எனக்கு நல்லா வேலை குடுக்குது" என்றார்.

மாட்டை விற்றவனிடம் மாட்டை விட்டுப் போகிறாய். ஊரில் வேறு ஆள் அகப்படவில்லை போல. அண்ணிக்காகச் செய்கிறேன், உனக்காக இல்லை.

ஒரே நிபந்தனை. பாதி வழியில் திரும்பி வரக் கூடாது. உன்னை எனக்குத் தெரியும், பாலம் தாண்டுமுன் வண்டியைத் திருப்பச் சொல்கிற ஆள் நீ. அப்படி வந்தால் நானும் பேச்சை மட்டுமில்லை, எழுத்தையும் நிறுத்திவிடுவேன்.

எங்கெங்கே தங்குவீர்கள் என்று விலாசம் எழுதி வேலியில் செருகிவிட்டுப் போ.

தம்பி

—

அக்டோபர் 13, திங்கள்
ஏரிக்கரை விடுதி

தம்பிக்கு,

பாலம் தாண்டிவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வழியெல்லாம் மரங்கள் தீப்பிடித்த மாதிரி நிற்கின்றன. அதைவிட எனக்குப் பலகைகள்தான் பிடித்திருக்கின்றன. "வளைவு, மெதுவாகச் செல்க." "வலப்பக்கம் செல்லாதீர்." எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். மருமகன், "மாமா, வண்டி ஓட்டறது நான், திட்டு வாங்கறதும் நானா?" என்றார். மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

உன் அண்ணி மரத்தைப் பார்ப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடுகளைப் பார்க்கிறாள். "எலும்பு தெரியுது பாருங்க, யார் வீட்டு மாடோ" என்று மாட்டுக்காரர்களைத் திட்டுகிறாள். சாயந்திரம் கறவை நேரம் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் மணி பார்க்கிறோம். கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடக்கிறது.

இனிமேல்தான் நான் வெட்கப்பட்ட கதை.

நேற்று அருவிக்குப் போனோம். நான் ஏறிப் போய்ப் பார்த்தேன், நனைந்தேன், இறங்கி வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று ஏரி. அவள் படகில் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னாள். நான் வேனில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பார்த்துக்கொள். மகள்தான் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன்ப்பா, இங்கயும் முறை வச்சுதான் பாப்பீங்களா? வேனுக்குத் தண்ணி காட்டணுமா, வைக்கோல் போடணுமா?"

அண்ணி நிதானமாகச் சொன்னாள்: "வண்டியில ஒருத்தர் இருக்கணும்ல."

"எதுக்கும்மா?"

அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு தூரம் வந்து, தொழுவத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

மிச்சம் இருப்பது மலைமுனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை. அங்கே அவளை என் பக்கத்தில் நிறுத்தாமல் ஊர் திரும்பமாட்டேன். தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றாலும் சரி. (இந்த வரியை அவள் படித்துவிட்டு, "முதுகு பிடிச்சுக்கும், படுத்துக் கிடப்பீங்க" என்கிறாள்.)

மாடுகள் எப்படி இருக்கின்றன? அண்ணி கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

உன் அண்ணன்

—

அக்டோபர் 15, புதன்

அண்ணனுக்கு,

நாலு மாடு நன்றாக இருக்கின்றன. கிழட்டுச் செவலை முதல் நாள் பாலை விடவே இல்லை. அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு தொழுவத்து ஆணியில் தொங்கிய அண்ணியின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் அவர் துணியையும் கட்டிக்கொண்டு போனேன். விட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து தொலைத்தார். இனி ஊரில் நான் தலை காட்ட முடியாது.

நேற்றிலிருந்து செவலைக்கு மடிவீக்கம். பின்காம்பு ஒன்று கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. உடம்பு கொதிக்கிறது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொழுவத்திலேயே படுக்கை போட்டுவிட்டேன்.

எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது உங்கள் மாடு, உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள், ஆனால் வராதே. நீ வந்து செய்யப் போவதைத்தான் நானும் செய்கிறேன்.

தம்பி

—

அக்டோபர் 17, வெள்ளி
கடற்கரை விடுதி

தம்பிக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம் என்று மருமகன் சொல்கிறார். சேரட்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் காலையில் வந்தது. விடுதிக்காரர் என் கையில் கொடுத்தார். முன்பென்றால் பிரிக்காமல் உன் அண்ணியிடம் நீட்டியிருப்பேன். இன்று வாசலிலேயே நின்று நானே படித்தேன். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மலைமுனைக்குப் போய்வந்த பிறகு சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படிச் செய்தால் நான் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொண்டு நிற்பேன், அவள் வேறொன்றைத் தெரிந்துகொண்டு நிற்பாள். அதற்குப் பெயர் சேர்ந்து நிற்பதா? எடுத்து, உரக்கப் படித்துக் காட்டினேன்.

அவள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். "கிளம்பலாம். செவலை என் கையில வளர்ந்தது."

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். விடுதி போனை எடுத்து உன் எண்ணைச் சுழற்றச் சொன்னேன். நீ "யாரு?" என்றாய், நான் "காய்ச்சல் எறங்குச்சா?" என்றேன். பேசிவிட்டேன் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. நீயும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியம் செய்தாய்.

ஆனால் அவள் போனை வாங்கிய பிறகு நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள். "அண்ணி, நான் மாட்ட வித்தவன்தான். மாட்ட மறந்தவன் இல்ல" என்றாயாமே. விடியற்காலையில் காம்பு இளகிவிட்டது, செவலை எழுந்து நின்று தண்ணீர் குடித்தது என்றும் சொன்னாயாம். அவள் போனை வைத்தாள். பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிக்கு அடியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. வெளிச்சம் இருக்கும்போதே ஏறிடலாம்."

மருமகன் வேனைப் பூட்டினார். அவள் கொஞ்ச தூரம் நடந்து, நின்று, வேனைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டிய வேன் பூட்டினபடி நின்றது. அவளே மறுபடி நடந்தாள். ஏற்றம் செங்குத்து. பாதியில் நான் மூச்சு வாங்க, அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். தூக்கிக்கொண்டு போவேன் என்று எழுதினவன் நான்.

மேலே போய் நின்றோம். பார்த்தோம்.

பிறகு ஒரு சங்கடம். பார்த்ததைச் சொல்லலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவளும் அதே நேரம் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேருமே பார்த்தாகிவிட்டது, இனி யாருக்குச் சொல்வது? மகள் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணிதான் சொன்னாள்: "உங்க தம்பி பாக்கலையே."

ஆகவே கேள். தண்ணீர் கரையோரம் சாம்பல் நிறம், தள்ளிப் போகப் போகக் கருநீலம், கடைசியில் வானத்தோடு ஒட்டிக்கொள்கிறது, எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அலை பாறையில் மோதும்போது சத்தம் காதுக்கு வருமுன்னால் காலுக்கு வருகிறது. உன் அண்ணி, "காத்தப் பத்தி எழுதுங்க, என் தலைத்துணி பறந்துபோச்சுன்னு எழுதுங்க" என்கிறாள். பறந்துபோயிற்று. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், வெள்ளைப் பறவை மாதிரிப் போயிற்று. "பறவை இல்ல, கிழிஞ்ச துணி. உள்ளத எழுதுங்க" என்கிறாள்.

இப்படி இடையிடையே பேசினால் நான் எப்படி முடிப்பது? பேனாவை அவளிடம் கொடுக்கிறேன், மீதியை அடுத்த தாளில் அவள் எழுதட்டும். அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

உன் அண்ணனும் அண்ணியும்