ரப்பர் குழாயும் இடது காதும்

என் வாலுப்பொண்ணோட அம்மாவுக்கு,

நான் சுகம். எங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

எங்க ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னேனே, அதுக்கு ரெண்டு கார்புரேட்டர். ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கணும். ரப்பர் குழாயோட ஒரு முனையை அதுங்க வாயிலயும் மறுமுனையை என் இடது காதுலயும் வச்சு, ‘உஸ்’ சத்தம் கேட்டுத்தான் சரி பண்ணுவேன். அந்தக் காதுக்காகத்தான் முதலாளி என்னை வச்சிருக்கார்.

போன வாரம் அப்படிக் கேட்டுக்கிட்டிருந்தப்ப கார்புரேட்டர் வழியா படார்னு வெடிச்சிடுச்சு. பெரிசா ஒண்ணுமில்லை, பாதி மீசை கருகிடுச்சு. நீ பார்த்தா இப்பத்தான் லட்சணமா இருக்கேன்னு சொல்லுவ.

இடது காதுல மட்டும், குழாய் இல்லாமலே எந்நேரமும் அதே ‘உஸ்’. தகரம் தட்டித் தட்டி வலது காது முன்னாடியே மந்தம். நேத்து கார்க்காரர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துட்டார், ஓடும்போது குலுங்குதாம். முதலாளி என்னமோ கத்தினார். வாயைப் பார்த்தே தலையாட்டினேன். எத்தனை நாளைக்கு ஆட்டுறது? வேற என்ன வேலை தெரியும் எனக்கு?

யாராவது இங்கே வந்தா காதுக்கு விடுற சொட்டு மருந்து கொடுத்தனுப்பு. இனிமே போன் வேண்டாம், எழுது. வாலு பேசுறதை அவ பேசுற மாதிரியே எழுது.

முதலாளி கையசைச்சுக் கூப்பிடுறார், போறேன்.

ஞாயித்துக்கிழமை வாலு போன்ல பாடினப்ப லைன் சரியில்லைன்னு சொன்னேனே, லைன் நல்லாத்தான் இருந்துச்சு.