மூன்றாம் படியில் ஒரு சிவப்பு விளக்கு

சேன்ஸ்வில், ஒஹையோ
ஜனவரி 11, 1998

அன்புள்ள மெர்லுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நர்ஸ் தொலைபேசியில் சொல்கிறாள். தூக்கம் வருகிறது, ஓட்ஸ் கஞ்சி இறங்குகிறது, பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை என்றாள். வீட்டுச் செய்திகளைக் காதில் போட்டுக்கொண்டே இருந்தால் நல்லது, கடிதம் எழுதுங்கள், இங்கே யாராவது படித்துக் காட்டுவார்கள் என்றும் சொன்னாள். பனிக்காலத்தில் நான் கொலம்பஸ் மருத்துவமனை வரை கார் ஓட்டமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். படித்துக் காட்டுகிறவருக்கு என் நன்றி. கையெழுத்துப் புரியவில்லை என்ற புகார் வராது. முப்பது வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நிலவறையைக் காலி செய்கிறேன். பதின்மூன்று படி இறங்க உங்கள் வலது கால் இனி உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீங்கள் இறங்க முடியாத அறையில் உங்கள் பொம்மை ரயில் எதற்கு? அங்கே சலவை இயந்திரத்தையும் தையல் மேசையையும் போடப்போகிறேன். சன்னல் கிழக்குப் பக்கம். இருபத்திரண்டு வருடம் அந்த வெளிச்சத்தை அட்டை மலைகள் மறைத்துக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமைதோறும் உங்களோடு ரயில் விட வரும் நண்பர்களைக் கூப்பிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பல் மருத்துவர் டுவைட்டும், சைலன்சர் கடை கஸ்ஸும் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வந்தார்கள். துக்கத்தோடு ஆளுக்கு ஆறு காலி அட்டைப்பெட்டிகளும் கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் முறையாக அவர்களோடு கீழேயே உட்கார்ந்தேன். இத்தனை வருடம் சமையலறைத் தரைக்கடியிலிருந்து உங்கள் சிரிப்பு மட்டும்தான் எனக்குக் கேட்கும். என்ன பேசுகிறீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. சரக்கு ரயில் பெட்டியின் துரு என்ன நிறம் என்று இரண்டு கிழவர்கள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். "துருன்னா செங்கல் கலர்டா" என்கிறார் கஸ். "நீ வாழ்நாள் பூரா சைலன்சரைப் பார்த்தவன், உனக்கு எல்லாமே அந்தக் கலர்தான். இது காப்பிப்பொடி நிறம்" என்கிறார் டுவைட். "நீ வாய்க்குள்ளயே பார்த்தவன், உனக்கு எல்லாமே மஞ்சள்" என்றார் கஸ். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்காகவா என் செவ்வாய்க்கிழமைகள் போயின என்று நினைத்துக்கொண்டேன்.

தீக்குச்சிகளை வெட்டி ஒட்டி ஒரு குளிர்காலம் முழுவதும் செய்தீர்களே, அந்தப் பாலம், அது கஸ்ஸுக்குப் போயிற்று. வளைவில் கஸ் ரம்பத்தை வைத்தபோது டுவைட், "மெதுவாடா, மெர்லு இங்க இருந்தா உன் கையை வெட்டியிருப்பான்" என்றார். "அவன்தான் இங்க இல்லையே" என்றார் கஸ். சொன்ன பிறகு என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, உண்மைதானே என்றேன்.

நிலவறையில் தனியாக ஒரு தொலைபேசி இணைப்பு வைத்திருந்தீர்களே, அதையும் துண்டித்துவிட்டேன். நீங்கள் பக்கவாதத்தில் விழுந்த பிறகு செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு மூன்று வாரம் அது அடித்தது. ஒருமுறை இறங்கிப்போய் எடுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். பெண் குரலைக் கேட்டால் கூச்சப்படும் ரயில்காரர் ஒருவர் போலிருக்கிறது.

படிக்கட்டுக்கு அடியில் அந்தப் பெண்ணின் பெட்டி ஒன்று கிடந்தது. பள்ளிப் படங்கள், ரிப்பன்கள், ஒரு வயலின் வில். அதை இன்னும் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்கமாட்டேன். வியாழக்கிழமை குப்பை வண்டியில் போயிற்று.

மருந்தைத் துப்பாமல் விழுங்குங்கள்.

உங்கள் மனைவி,
அர்லீன்


சேன்ஸ்வில்
ஜனவரி 28, 1998

அன்புள்ள மெர்லுக்கு,

கஞ்சியைப் பற்றியெல்லாம் இன்று கேட்கப்போவதில்லை.

நேற்று உங்கள் நண்பர்கள் மூன்றாவது முறையாக வந்தார்கள். சுரங்கத்தையும் ரயில் நிலையத்தையும் கழற்றினார்கள். நான் காப்பியும் டோனட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் கால் மூன்றாம் படியில் பட்டதும் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கைகாட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கஸ் அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டார். டுவைட் அவர் காலை மிதித்தார். நான் காப்பியை வைத்துவிட்டு, திரும்ப ஏறி மூன்றாம் படியில் நின்றேன். சிவப்பு எரிந்தது. இறங்கினேன், அணைந்தது. மறுபடி ஏறினேன், எரிந்தது. பிறகு அந்தப் படியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். தகடும் கம்பியும் இருந்தன. அழகாகச் செய்திருக்கிறீர்கள்.

டுவைட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்ஸுக்கு வாய் அடங்காது என்பது உங்களுக்கே தெரியும். இன்னொரு டோனட்டை அவர் தட்டில் வைத்து, தப்பாக நினைக்கமாட்டேன், சும்மா சொல்லுங்கள் என்றேன். சொன்னார். "அது சும்மா தமாஷுங்க அர்லீன். நீங்க இறங்கினா சிவப்பு. உடனே நாங்க பேச்சை மாத்தி துருவைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவோம். மெர்லு ஃபோனை வெச்சிருவான்."

யாரோடு ஃபோன் என்று கேட்டேன்.

அப்போதுதான் டுவைட், "கஸ், பெட்டியத் தூக்கு, போகலாம்" என்றார். கஸ் நகரவில்லை. இனி மறைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாரோ, அல்லது பத்து வருடம் சுமந்தது போதும் என்று தோன்றியதோ. "உங்க பொண்ணு கொரின்தாங்க. வேற யாரு. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குக் கூப்பிடுவா. நாங்க வண்டிய நிறுத்திட்டுச் சத்தம் போடாம உக்காந்திருப்போம்" என்றார்.

பதினோரு வருடமாக அந்தப் பெயரை என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான்தான் சொல்லக்கூடாது என்றேன். கல்யாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்றவளின் பையை நானே கட்டி வாசலில் வைத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இறங்கிப் போனீர்கள். கொஞ்ச நேரத்தில் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. என் பக்கம் நிற்கிறீர்கள் என்று அன்று நினைத்தேன். அதற்காக உங்களிடம் நன்றியோடும் இருந்தேன், முட்டாள் மாதிரி.

மிச்சத்தையும் கேட்டேன். பெண் குழந்தை. பத்து வயது. பெயர் ரூத், உங்கள் அம்மாவின் பெயர். ஜூலையில் நான் என் தங்கை வீட்டுக்கு இந்தியானா போகும் வாரத்தில், இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறது. என் வீட்டில் தூங்கியிருக்கிறது. திரும்பி வந்து அந்தப் படுக்கை விரிப்புகளைத் துவைத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன், நான்தான். மாடியில் என் படத்தைப் பார்த்து அது யார் என்று கேட்டதாம். "அவங்க ஸ்டேஷன் மாஸ்டரம்மா. ரொம்பக் கண்டிப்பு. அவங்க வந்தா எல்லா வண்டியும் நின்னுரும்" என்றீர்களாம். இதைச் சொல்லும்போது கஸ்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டுவைட்டும் கொஞ்சம் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நானும் சொன்னேன்.

தொலைபேசி எண் தங்களுக்குத் தெரியாது, அவள்தான் எப்போதும் கூப்பிடுவாள் என்கிறார்கள் இருவரும். உங்களுக்குத் தெரியும். இடது கையால் பென்சில் பிடிக்கிறீர்கள், போன வாரம் ஒரு வட்டம் வரைந்தீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். வட்டம் வரைகிறவருக்குப் பத்து எண்கள் பெரிய வேலையில்லை. தாளும், தபால்தலை ஒட்டிய உறையும் இதோடு வைத்திருக்கிறேன்.

எல்லாம் போய்விட்டது, கறுப்பு நீராவி எஞ்சினைத் தவிர. அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் உயிர் அதில்தான் என்று டுவைட் சொன்னார். பத்து நாளைக்குள் எண் வரவில்லையென்றால் அதைக் கார் கொட்டகைக்கு எடுத்துப்போய் சுத்தியலால் அடிப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டுகிறவர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

உங்கள் மனைவி,
அர்லீன்


சேன்ஸ்வில்
பிப்ரவரி 13, 1998

அன்புள்ள மெர்லுக்கும், இதைப் படித்துக் காட்டுகிறவருக்கும்,

ஒன்பதாவது நாள் உறை வந்தது. உள்ளே எண் இல்லை. ஒரு வரி இருந்தது: "அப்பாவுக்கு எழுத விருப்பமில்லை."

முதலில் நர்ஸ் ஏதோ குழப்பிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். கோடே இல்லாத தாளில் நூல் பிடித்த மாதிரி நேரான வரி. பெரிய எழுத்துகளின் முனையில் ஒரு சின்னச் சுழிப்பு. அந்தச் சுழிப்பைச் சமையலறை மேசையில், கையைப் பிடித்து, அழ அழச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நர்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். உங்க கடிதத்தையெல்லாம் நாங்க பிரிக்கறதில்லைங்க, வியாழக்கிழமை உங்க பொண்ணு வந்து படிச்சுக் காட்டுறாங்க, உங்களுக்குத் தெரியாதா என்றாள். நவம்பரிலிருந்தே வருகிறாளாம். டுவைட்தான் அவளைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். எண் தெரியாது என்று என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்ன அதே டுவைட்.

ஆக, பெட்டி குப்பையில் போனதை அவள்தான் படித்திருக்கிறாள். பையைக் கட்டி வாசலில் வைத்ததையும் அவளே தன் வாயால் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறை படிக்கவும் என்று எழுதியிருந்தேன். படித்தாளா என்று தெரியவில்லை. படித்திருப்பாள். சொன்னதைச் செய்கிற பெண்தான்.

அன்று மாலையே எஞ்சினைக் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். ஒரே அடி. நான் நினைத்த அளவு கெட்டியாக இல்லை அது, உள்ளே அவ்வளவு சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் இருக்கும் என்றும் தெரியாது. இன்னும் பெருக்கவில்லை. இதை மறைத்து எழுதலாம் என்று நினைத்தேன். உங்கள் வீட்டில் மறைத்தது போதும்.

மறுநாள் டுவைட்டைக் கூப்பிட்டு, கொடுத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து கொடுங்கள் என்றேன். மரியாதையாகத்தான் பேசினார். "சுரங்கத்தை என் மேசைக்கு ஏத்த மாதிரி வெட்டிட்டேங்க. ஒட்ட முடியாது. அது மட்டுமில்ல, மெர்லு கையால ஆனது ஏதாவது ஒண்ணு பத்திரமா இருக்கணும் இல்லையா" என்றார். பத்திரமாக என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னார்.

நேற்று வியாழக்கிழமை. பனி கொட்டியது. கொலம்பஸ் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே வரவில்லை, நிறுத்துமிடத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு ஒரு நீல வண்டி வந்தது. கொரின் இறங்கினாள். தோள் கனத்துவிட்டது. நரை வந்திருக்கிறது, இந்த வயதிலேயே. நான் நடக்கிற மாதிரியே நடக்கிறாள், குதிகாலைத் தரையில் குத்திக் குத்தி. அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குழந்தை பின்னால் வந்தது. என் காரின் மேல் கிடந்த பனியை அள்ளி உருண்டை பிடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். ஒரு முழம்கூட இல்லை. என்னைப் பார்த்தது. படத்தில் பார்த்த முகம் என்று தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி காரில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற மாதிரி பார்த்துவிட்டு, உருண்டையை எறிந்துவிட்டு ஓடிப்போயிற்று. நான் கதவைத் திறக்கவில்லை. கை பிடியில்தான் இருந்தது. அவர்கள் உள்ளே போய் வெகு நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினேன்.

மெர்ல், உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பேச்சு வந்ததும் சண்டை போடுவோம், அதற்காவது பேசப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன், சாலை எப்படி இருந்தாலும். வியாழக்கிழமை வரமாட்டேன். அது உங்களுடைய நாள்.

இனி வருவதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். படிக்கிறவருக்கு மட்டும்.

அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல், நிமிர்ந்தால் புரையேறுகிறதாம், நர்ஸ் சொன்னாள். அந்தப் பெட்டியைப் பற்றி நான் எழுதியது பொய் இல்லை. பொய்யாக இருந்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குழந்தை வெறும் கையால் பனியைப் பிடிக்கிறது. விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. கடையில் வாங்கும் கையுறை உள்ளே நனைந்துவிடும், கம்பளி நூலில் பின்னியதுதான் தாங்கும். பழுப்பு நூல் வீட்டில் இருக்கிறது, ஆனால் எனக்கு அளவு தெரியாது. ஒரு தாளில் அந்தக் கையை விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. எழுத்து எதுவும் வேண்டாம்.

அர்லீன்