கஃபேவில் கேட்கப் போனது

பங்குனி 9, ஞாயிறு

இன்னிக்கு பாப்பாவையும் தூக்கிக்கிட்டு இடையஞ்சாவடி கஃபேவுக்குப் போனோம். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து பிரஞ்ச் சாப்பிட ஆசையா இருக்குன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தேன். அது பாதிதான் நிஜம். போன வாரம் பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டுத் திரும்பும்போது, அந்தக் கடை வாசலில் ‘கவுண்டருக்கு ஆள் தேவை’ என்ற போர்டைப் பார்த்தேன். பி.காம். முடிச்சு ரெண்டு வருஷமா வீட்டுல இருக்கேன். முதலில் ஓனரம்மாவிடம் கேட்டுவிட்டு, அப்புறம் இவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

காபியும் ஆம்லெட்டும் வந்தது. ஓனரம்மாவே வந்து, "எப்படிங்க இருக்கு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், இவர் மேஜையில் இருந்த உப்பை ரெண்டு விரலால் தேய்த்து நாக்கில் வைத்துவிட்டார். தான் வேலை செய்கிற உப்பளத்தில் உப்பைச் சோதித்துப் பார்க்கிற மாதிரியே.

"மேடம், இது மண்ணோட வாரின உப்பு. பல்லுல நறநறங்குது பாருங்க."

எனக்கு உயிரே போச்சு. அந்தம்மா சிரித்தார். "அப்போ நல்ல உப்பா நீங்களே கொண்டாங்க."

"நாளைக்கே ஒரு மூட்டை இறக்கிடறேன்!"

அப்புறம் ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வேற ஏதாவது வேணுமாம்மா?"

"தண்ணி," என்றேன்.

வண்டியில் வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே குஷி. "நீ அடம் புடிச்சதும் நல்லதாத்தான்டி போச்சு."

போர்டு இன்னும் அங்கேதான் இருக்கு. நாளைக்கு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அதைத் தாண்டித்தான் உள்ளே போவார். படிச்சா, என் ஞாபகம் வருமா அவருக்கு?